காட்டு உளுந்தும் நம் வீட்டு விதைப் பானையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பணச் சேமிப்பு பற்றி நிறையப் பேசியாச்சு. நான் விதைச் சேமிப்பு பற்றிப் பேசுறேன்.

பச்சைப்பயறை ராத்திரி ஊற வைக்கிறோம். காலையில் பார்த்தால் நாலஞ்சு பயறு மட்டும் ஊறாமல் கல்லு மாதிரி கிடக்கும். அது கெட்டுப்போன பயறு இல்லைங்க. காட்டில் இருந்த காலத்துக் குணம் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

காட்டுப் பயறும் காட்டு உளுந்தும் இன்றைக்கும் நம் நாட்டு மலைப் பகுதிகளில் தானாக முளைக்குது. விதை ரொம்பச் சின்னது. நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்துச் சிதறிவிடும். முதல் மழைக்கே எல்லா விதையும் முளைத்து, பிறகு மழை பொய்த்தால் வம்சமே அழிஞ்சிடுமே! அதனால் தோல் கெட்டியாகி, பல விதைகள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இதை வீட்டுப் பயிராக மாற்றியது யார்? வெடிக்காத நெற்றைப் பறித்து வந்து, அதையே மறுபடி விதைத்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அப்படிச் செய்ததில் வெடிக்காத, பெருத்த, சீக்கிரம் ஊறுகிற பயறு நமக்குத் தங்கியது. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர்களைத் தோண்டியபோது, கருகிய பச்சைப்பயறும் கொள்ளும் கிடைத்திருக்கு.

ஆனா ஒண்ணு. நமக்குப் பிடித்த சில செடிகளை மட்டும் எடுத்துக்கிட்டோம். மற்ற குணங்கள் பல காட்டிலேயே நின்றுவிட்டன. அந்தக் குறை மஞ்சள் தேமல் வரும்போது தெரியும். வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. இலை மஞ்சளாகி, காய் சுருங்கி, களத்துக்கு வருவது கொஞ்சம்தான். ஊர் முழுக்க நோய் தாங்காத ஒரே ரகம் என்றால் ஊர் முழுக்க நஷ்டம். வாங்கின குழுக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தில், வம்பன் 1 உளுந்தோடு காட்டு உளுந்தை ஒட்டுச் சேர்த்து, மஞ்சள் தேமலைத் தாங்கும் வம்பன் 6 ரகத்தை உருவாக்கினார்கள். நாம் விட்டுவந்த காட்டுச் செடிதான் கைகொடுத்தது. நோயும் மாறிக்கிட்டே இருக்கும். நாளைக்கு வேறொரு குணம் தேவைப்படும். அதற்குக் காட்டுச் செடியும் வேணும், பல வகை நாட்டு விதையும் வேணும்.

நாம் செய்யக்கூடியது என்ன? உளுந்தும் பயறும் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கும் பயிர். அதனால் நல்ல செடியில் விதை எடுத்தால் அநேகமாக அதே குணம் வரும். வயலே மஞ்சளானாலும் பச்சையாக நிற்கிற செடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வையுங்க. அந்த நெற்றைத் தனியாகப் பறித்து, நல்லாக் காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் வையுங்க.

நம் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்க. யார் வீட்டில் எந்தப் பயறு விதை இருக்குன்னு எழுதுங்க. ஒரு படி வாங்கினவங்க அறுவடை முடிந்ததும் ஒண்ணேகால் படியாகத் திருப்பிக் கொடுக்கட்டும். குழுவில் பணம் சுழல்கிற மாதிரி விதையும் சுழலட்டும்.