வழக்கமும் சட்டமும்

சட்டம் என்பது அரசின் ஆணையே என்றார் ஆங்கில அறிஞர் ஆஸ்டின். ஆனால் மக்களின் வழக்கத்திலிருந்தும் சட்டம் பிறக்கிறது. 1868இல் இராமநாதபுரம் ஜமீன் வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டுச் சட்டத்தினும் வலியது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

தில்லியில் வாழும் தமிழர் ஒருவர் அக்காள் மகளை மணந்தால் அண்டை வீட்டார் வியப்பர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் அவ்வுறவைத் தடுக்கிறது. எனினும், மணமக்கள் ஒவ்வொருவருக்கும் உரிய வழக்கம் இடந்தருமாயின் தடையில்லை என அச்சட்டமே கூறுகிறது. 'எங்கள் பக்கத்தில் உண்டு' என்றால் மட்டும் போதாது. நெடுங்காலம் இடையறாது கைக்கொள்ளப்பட்டதெனச் சான்று காட்டல் வேண்டும். மணப்பந்தலில் எழாத வினா, கணவன் மறைந்தபின் மனைவி பங்கு கேட்கையில் எழக்கூடும். ஆதலால் நேயர்களே, உங்கள் குலத்தில் நடந்த இத்தகைய திருமணங்களை, கண்டறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.