பெத்சாயிதாவில் இரண்டாம் முறை



பெத்சாயிதாவில் பார்வையற்றவரை இயேசு ஒரே தொடுதலில் குணமாக்கவில்லை. முதலில் மனிதர்கள் அவருக்கு மரங்களைப் போலத் தெரிந்தார்கள். ஆண்டவர் மறுபடியும் தொட்டார் (மாற்கு 8).

நம் கூடலூரில் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தாய்மார்கள் பலர். பிள்ளை பாட்டியிடம். ஒன்பது மாதமாகியும் அது பிடிமானமின்றி உட்காராவிட்டால், கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "இவங்கப்பனும் இப்படித்தான், தானா சரியாயிரும்" என்கிறோம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறோம். நேர்ந்துகொள்வது நல்லதே. ஆனால் சும்மா காத்திருப்பதை விசுவாசம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மூளை மிக வேகமாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில்தான்.

அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை மருத்துவக் குழு வருகிறது; 2013 முதல் நடக்கும் அரசுத் திட்டம். குறை தெரிந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். கட்டணமில்லை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தார் வீடு தேடிச் சென்றே பயிற்சி தருகிறார்கள். எங்கே போனாலும் பாதி வேலை தாயுடையது: கற்றுவந்ததை வீட்டில் தினமும், மாதக்கணக்கில், திரும்பத் திரும்பச் செய்வது.

பயிற்சிக்குப் போகிற நாளில் கூலி போய்விடும். பெத்சாயிதா மனிதரையும் யாரோ சிலர்தான் கூட்டிவந்தார்கள். அந்தத் தாயின் ஒருநாள் கூலியையும் பேருந்துச் செலவையும் யார் ஏற்பது என்று இந்த வார அன்பியக் கூட்டத்தில் பேசுவோம்.