மிச்சம் நூல்தான், நம்ம நேரம் இல்லை

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். மைக் முன்னாடி நின்னு பழக்கமில்லை. எங்க குழுவில் அஞ்சு பேர் சேர்ந்து செய்கிற காந்தா தையலைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.

காந்தா என்பது மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் பெண்கள் வீட்டில் போடுகிற தையல். பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓடவிட்டு, பூ, மீன், மரம் என்று தைப்பார்கள். அந்தக் காலத்தில் அதற்கு நூல் கடையில் வாங்கியதில்லை. பழைய சேலைக் கரையிலிருந்தே கலர் நூலை உருவி எடுத்தார்கள். அந்தப் பூத்தையலுக்கு 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கேட்கும்போது புதுசா இருக்கும். ஆனா நம்ம வீட்டிலும் பழைய நூல் சேலையை நாலு மடிப்பாகப் போட்டு, ஓரம் தைத்து, பச்சைப் புள்ளைக்கு விரிக்கிறோம்ல? அதே ஓட்டத் தையல்தான். நாம கிழியாம இருக்கத் தைச்சோம், அவங்க அழகாவும் தைச்சாங்க.

எங்களுக்கு நூல் இரண்டு வழியில் கிடைக்குது. ஒன்று, வீட்டுப் பழைய சேலைக் கரை. இன்னொன்று பரமக்குடி, எமனேசுவரம் தறி. ஒரு பாவு முடியும்போது கடைசியில் கொஞ்சம் நூல் நெய்ய முடியாமல் மிஞ்சும். பரமக்குடியில் வேலை பார்க்கிற எங்க குழு அக்கா மகன் அதை வாங்கிட்டு வருவான். துண்டு துண்டாத்தான் இருக்கும். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் கோத்தால் சிக்கு விழும், அதனால துண்டே நமக்குப் போதும். மெல்லிசு நூலா இருந்தா மூணு இழை சேர்த்துக்கணும்.

செய்யப் போறவங்க மூணு விஷயம் கவனிங்க. சிவப்பு, மெரூன் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினால் அதை ஒதுக்கிடுங்க. அடுக்கின துணியை முதல்ல பெரிய பெரிய தையலாப் போட்டு நிறுத்திக்கிட்டு, நடுவிலிருந்து வெளியே தைச்சுட்டு வாங்க. ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் சுருங்கிக்கும். முடிச்சுப் போடாதீங்க. நூல் முனையில் ரெண்டு தையல் திருப்பிப் போட்டாலே நிற்கும்.

இனி நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயம். 18 பை தைத்து முடித்ததும் ஒரு வியாபாரி வந்து பார்த்தார். "மிச்ச நூல், பழைய சேலை. வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல தைச்சதுதானே"ன்னு சொல்லி, பைக்கு 120 ரூபாய் கேட்டார். எங்க வீட்டு ஆளுங்களும் வந்த வரைக்கும் லாபம்னு கொடுக்கத்தான் சொன்னாங்க.

எங்க கையில் ஒரு நோட்டு இருந்தது. யார், எந்தப் பைக்கு, எத்தனை மணி நேரம் என்று அன்னன்னைக்கு எழுதியிருந்தோம். கூட்டிப் பார்த்தால் ஒரு பைக்குச் சராசரி 9 மணி நேரம். 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். எட்டு மணிக்கு வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 40. ஒன்பது மணி நேரத்துக்கு 360. உள்துணி, ஜிப், கைப்பிடிக்கு 60. மொத்தம் 420. இதில் லாபமே சேர்க்கலை, வெறும் கூலிதான்.

வியாபாரி எடுக்கலை, போயிட்டார். அடுத்து ஒரு கல்லூரிச் சந்தையில் கடை போட்டு 420-க்கு 11 பை விற்றோம். 4,620 ரூபாய். சாமான் செலவு 660 போக 3,960-ஐ அவரவர் தைத்த மணிக்கணக்குப்படி பிரிச்சுக்கிட்டோம். மீதி 7 பை இன்னும் கைவசம் இருக்கு. அதையும் மறைக்காமச் சொல்றேன். ஆனா அதைத் தள்ளுபடியில் தள்ள எங்களுக்கு மனசில்லை.

தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்களுக்கு அவங்க பாட்டிமார் போட்ட தையல் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. வயசான சிலருக்குத்தான் தெரியும். அவங்ககிட்டயே கத்துக்கிட்டு, இன்னைக்கு 'போர்கை' என்ற பெயரில் சேர்ந்து தைத்து விற்கிறாங்க. அவங்க பேச்சில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். நம்ம மகளிர் குழுவும் 1989-ல் அதே தருமபுரியில்தான் ஆரம்பிச்சது. அவங்களால முடிஞ்சது நம்மாலயும் முடியும்.

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கைவேலை செய்கிற குழுக்கள் எல்லாம் மணிக்கணக்கு நோட்டு வைக்கணும். அதைப் பார்த்துக் கூட்டமைப்பு ஒரு அடிவிலை வைக்கணும். இந்தக் குழு 420 சொல்லி, பக்கத்துக் குழு 150-க்குக் கொடுத்தால் ரெண்டு பேர் உழைப்பும் வீண். வியாபாரிக்கு அதுதான் வசதி.

சமைச்சு, புள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தண்ணி பிடிச்சு வச்சிட்டுத்தான் ஊசியை எடுக்கிறோம். நூல் மிச்சமா இருக்கலாம், அந்த நேரம் மிச்சமா வந்தது இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்க குழு நோட்டையும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுவோம்.