ஊரின் மனவடு

1879 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் பேராசிரியர் உள்ளத்தை ஆராய்வதற்கென ஓர் ஆய்வுகூடம் நிறுவினார். பின்வந்த பிராய்ட் நனவிலி மனத்தை நாடினார். வாட்சனோ 1913 இல், புறத்தே தோன்றும் நடத்தையே ஆராய்ச்சிக்கு உரியது என்றார். நெறிகள் வேறாயினும் மூவர் ஆய்விலும் முன்னின்றவன் தனிமனிதனே. வூண்ட் முதுமையில் மக்கட் கூட்டத்தின் உளவியலையும் பல தொகுதிகளாக எழுதினார். அவற்றைப் புரட்டுவோர் அரியர்.

யாழ்ப்பாணத்திலோ போர் தனிமனிதரை மட்டும் தாக்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். அயலும் உறவும் கூடவே சிதறின. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய இழப்பை நோயாளியின் கட்டிலருகே நின்று மட்டும் அளக்க முற்படவில்லை. மக்களிடையே இருந்து அவதானித்தும், குழுக்களாக உரையாடியும், விவரமறிந்தோரை வினவியும் தாம் கண்டவற்றைக் கூட்டு மனவடு என 2007 இல் எழுதினார்: அயலவரிடத்து ஐயம், வாய்திறவாமை, பிறர் கையை எதிர்பார்த்தல், செயலற்றிருத்தல். ஒருவரைத் தனியே வினவினால் இவை நோயாகவே தோன்றா.

காணாமற் போன மகனுக்கு அந்தியேட்டி செய்யவும் மாட்டாது, விடவும் மாட்டாது தவிக்கும் தாய்க்கு மாத்திரை உறக்கத்தை மட்டுமே தரும். ஆதலின் கிராமத் தொண்டர்களைப் பயிற்றுதல், குடும்பத்தை ஒருங்கே இருத்திப் பேசுதல், மரபுவழிச் சடங்குகளை மீண்டும் நிகழ்த்துதல் ஆகியவற்றையும் அவர் சிகிச்சையாகவே பரிந்துரைத்தார்.