ஒரு கவளமும் ஒரு மூச்சும்

(ஷஅபான் மாதத் தொடக்கத்தில் நமது பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

ரமழானை எதிர்நோக்கியிருக்கும் இவ்வேளையில், நோன்பின் சிறப்புகளைப் பற்றியே நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் பேசவிருப்பது நாம் உண்ணும் ஒரு கவளம் சோற்றையும், நாம் விடும் ஒரு மூச்சையும் பற்றி. அதற்குக் காரணம் இருக்கிறது. அதை இறுதியில் சொல்கிறேன்.

ஸஹர் நேரத்தில் ஒரு கவளம் சோற்றை வாயிலிடுகிறோம். மெல்லும்போதே உமிழ்நீர் அதன் மாவுப்பொருளைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுகுடலை அடையும்போது அது குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகி, இரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அன்றைய தேவைக்குப் போக எஞ்சியதைக் கட்டிச் சேமித்துக் கொள்கிறது. நன்றாக உண்ட பின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் இருப்பு இருக்கும். தசைகளில் ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். ஆனால் தசை தன் இருப்பைத் தானே செலவிடுமேயன்றி, பிற உறுப்புகளுக்கு ஒரு துளியும் கொடாது. கல்லீரலோ ஸகாத்தை முறையாகக் கொடுக்கும் செல்வந்தரைப் போன்றது. நாம் பசித்திருக்கும் நேரமெல்லாம் அது தன் இருப்பிலிருந்து இரத்தத்திற்குச் சர்க்கரையை அளந்து கொடுத்துக் கொண்டேயிருக்கிறது.

மறுபுறம், மூச்சு. நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் எனப்படும் பிராணவாயு. வெளிவிடும் காற்றில் ஏறத்தாழ 16 விழுக்காடே எஞ்சியிருக்கும். இடைப்பட்ட அந்த ஐந்து விழுக்காட்டை நுரையீரலில் இரத்தச் சிவப்பணுக்கள் ஏற்றிக்கொண்டு போகின்றன. அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதனுக்கே நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 மில்லி லிட்டர் பிராணவாயு தேவைப்படுகிறது.

இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இடப்புறத்திற்குத் திரும்புகிறது என்பதை முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? டமாஸ்கஸில் கல்வி பயின்று, கெய்ரோவில் வாழ்ந்து, 1288 ஆம் ஆண்டில் மறைந்த இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். மருத்துவர் மட்டுமல்லர், ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹைப் போதித்த ஆசிரியருமாவார். நோயாளியின் நாடியையும் மார்க்கச் சட்டத்தின் நூலையும் ஒரே கையால் தொட்ட பெருமக்கள் நம் முன்னோர். அந்த இரண்டையும் பிரித்து வைத்தது பிற்காலத்தவராகிய நமது குறை.

பெருமக்களே! கவளம் ஒரு வழியாகவும் மூச்சு ஒரு வழியாகவும் வந்து சேரும் இடம் எது? நம் உடலின் கோடானுகோடி உயிரணுக்கள். அவற்றுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் மிகச் சிறிய அடுப்புகள் இருக்கின்றன. விறகடுப்பில் தீ எரிவதும் நம் உடலில் உணவு எரிவதும் அடிப்படையில் ஒன்றே என்று 1780களில் பிரான்சு நாட்டு அறிஞர் லவாசியே கண்டறிந்தார். இரண்டிற்கும் பிராணவாயு வேண்டும். இரண்டிலும் கரியமில வாயுவும் நீராவியும் வெளிப்படும். ஆனால் விறகடுப்பு ஒரே மூச்சில் எரித்துவிடுகிறது. உடலோ சிறுசிறு படிகளாக, தன்னைச் சுட்டுக்கொள்ளாமல் எரிக்கிறது. அப்படிகளுள் ஒரு பகுதியை 1937 ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

அங்கே பிராணவாயுவின் பணி என்ன? வலீமா விருந்தை எண்ணிப் பாருங்கள். உண்டு முடித்தவர்கள் எழுந்தால்தான் அடுத்த பந்தி அமர முடியும். முதற்பந்தி எழாவிட்டால் வாசல் வரை வரிசை தேங்கி, சமையற்கட்டே நின்றுவிடும். உணவிலிருந்து பிரிந்த மின்னணுக்கள் வரிசையாக வருகின்றன. வரிசையின் கடைசியில் நின்று அவற்றை ஏற்று, நீராக மாற்றி அனுப்பி வைப்பது பிராணவாயு. அது இல்லையேல் வரிசை தேங்கும், அடுப்பு நிற்கும். மின்னணுக்களின் இந்த ஓட்டத்தைக் கொண்டு, நொடிக்கு நூறு முறைக்கும் மேல் சுழலும் நுண்ணிய சக்கரம் ஒன்று ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயத்தை அச்சிடுகிறது. விரல் அசைவதும், விழி இமைப்பதும், ஸுஜூதிலிருந்து நாம் எழுவதும் இந்த நாணயத்தைச் செலவிட்டுத்தான். நம் உடல் ஒரே நாளில் அச்சிட்டுச் செலவழித்து மீண்டும் அச்சிடும் நாணயத்தின் மொத்த எடை, ஏறத்தாழ நம் உடலின் எடைக்கே நிகராகும். ஸுப்ஹானல்லாஹ்!

இங்கே ஒரு ஹிக்மத்தைக் கவனியுங்கள். உணவையும் நீரையும் விட்டு நோன்பிருக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டான். மூச்சை விட்டு நோன்பிருக்குமாறு கட்டளையிடவில்லை. உணவுக்குக் கல்லீரலில் இருப்பு உண்டு. அது குறைந்தால் கொழுப்பில் பல நாட்களுக்கான இருப்பு உண்டு. பிராணவாயுவுக்கோ சில நிமிடங்களுக்கு மேல் இருப்பே இல்லை. தாங்க இயன்றதையே அவன் நம்மீது விதித்தான். வயிற்றில் மூன்றில் ஒரு பகுதியை உணவுக்கும், ஒரு பகுதியைத் தண்ணீருக்கும், ஒரு பகுதியை மூச்சுக்கும் விட்டுவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதும் நினைவுகூரத்தக்கது. இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா, சர்பத் என்று மூன்று பங்கையும் உணவாலேயே நிரப்புகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, இந்த உரைக்கான காரணத்திற்கு வருகிறேன்.

இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் நுழைவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் திறவுகோலாக இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்குத் திறவுகோல் போதாது, அல்லது பூட்டு அதற்கு எளிதில் திறக்காது. வாசலில் அரிசி மூட்டை அடுக்கியிருக்க, வீட்டுக்குள் பட்டினி. இதற்காகவே மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் சில மாத்திரைகள், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். உண்ணாத வேளையில் அது இரத்தத்தின் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். நம் எடையில் இரண்டு விழுக்காடேயுள்ள மூளை, அமைதியாக இருக்கும்போதும் நம் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. கொழுப்பை நேரடியாக எரிக்கவும் அதற்கு இயலாது. ஆகவே சர்க்கரை திடீரென இறங்கினால் முதலில் தடுமாறுவது அறிவுதான்.

சென்ற ஆண்டு ரமழானுக்கு முன்பு நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். “ஹஜ்ரத், பல வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் நோன்பு வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் அவருடைய நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தவக்குல் வைத்து நோன்பு வையுங்கள் பாய், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றேன். ஒன்பதாம் நோன்பன்று அஸருக்குப் பின் அவர் தூணில் சாய்ந்து அமர்ந்தார். சட்டை நனையும்படி வியர்த்தது; கை நடுங்கியது; பேச்சு குழறியது. நோன்பின் களைப்பு என்றே எண்ணினோம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஓடிச்சென்று சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார். நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று ஒருவர் தடுத்தார்.

அந்த ஒருவர் நான்தான்.

அந்த இளைஞர் என் பேச்சைக் கேட்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! சற்று நேரத்தில் பெரியவர் தெளிந்தார். அன்றிரவு என்னால் உறங்க இயலவில்லை. நோயாளி வேறு நாட்களில் களாச் செய்யலாம், குணமாகும் நம்பிக்கையற்றவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா கொடுக்கலாம் என்பதை மதரஸாவில் ஓதியவன் நான். ஓதியது நாவில் இருந்தது. தேவைப்பட்ட வேளையில் நினைவுக்கு வரவில்லை. அல்லாஹ் கொடுத்த சலுகையை அடியானாகிய நான் மறுத்துவிட்டேன். அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் கேட்கிறேன்.

ஆகவே, நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஷஅபானிலேயே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, வைத்தால் மருந்தின் அளவையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். தாமாக மருந்தை நிறுத்தாதீர்கள். ஸஹரை விடாதீர்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிடுங்கள். மஃரிபுக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இறங்கி மயங்குகிறவர் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். சோதிக்கும் கருவி ஒன்றையும் சர்க்கரையையும் பள்ளியின் அலுவலகத்தில் வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனையோருக்கு ஒரு வேண்டுகோள். பகலில் ஒருவர் மருந்தோடு தண்ணீர் குடிப்பதைக் கண்டால், “நோன்பில்லையா?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

கவளமும் மூச்சும் அவன் தந்த அமானிதம். உடலும் அமானிதமே. அதைப் பாதுகாத்து அவனை வணங்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.