மழை இருட்டும்போது பிள்ளைகளுக்கு என்ன சொல்வோம்?



இந்த நினைவுநாளில் நம் பிள்ளைகளின் பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2021இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் கேட்டார்கள். காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 விழுக்காட்டினர் சொன்னார்கள். பலருக்கு அது வரப்போவதைப் பற்றிய கவலை. சேரிப் பிள்ளைகளுக்கோ அது ஏற்கெனவே வந்துபோன ஒன்று.

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை, அவர்களில் மிகுதியானோர் நம் மக்கள், படிப்பின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். அனுப்பிய இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றோரத்துக் குடிசை ஆக்கிரமிப்பு. ஆற்றோரத்து மாளிகை வளர்ச்சி. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே வானம் இருட்டும்போது அவர்கள் தண்ணீருக்கு மட்டும் பயப்படுவதில்லை. வீடு போகுமா, பள்ளி மாறுமா, கூட்டாளிகளைப் பிரிவோமா, புது வகுப்பில் எந்த ஏரியா என்று கேட்டால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்கள். இதை மனநோய் என்று சொல்ல மாட்டோம். நியாயமான பயம் இது.

“இதுக்கெல்லாம் பயப்படலாமா?” என்று வாயை அடைக்காமல் இருப்பதே நம் முதல் வேலை. மாலை வகுப்பில் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவோம், வரையவிடுவோம். கடல் சூடாவதால் குறைந்த நேரத்தில் பெருமழை கொட்டுகிறது, ஏரியும் சதுப்பும் மண்ணடித்து மூடப்பட்டன, இதில் உங்கள் அப்பா அம்மா செய்த தப்பு ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்வோம். பிறகு கையில் வேலை கொடுப்போம். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள் யார் என்று மழைக்கு முன்பே இளைஞர்கள் பட்டியல் எடுக்கட்டும். சான்றிதழ்களையும் புத்தகங்களையும் நனையாத உறையில் போட்டுவைக்கட்டும். செய்வதற்கு ஒன்று இருந்தால் பயம் ஆளை விழுங்காது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணை அழைக்கச் சொல்வோம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

ஆனால், ஆலோசகர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் புல்டோசர் வந்து நின்றால் எந்த மனம் ஆறும்? படிப்பின் நடுவில் எந்தக் குடும்பத்தையும் அப்புறப்படுத்தாதே, வாழ்ந்த இடத்துக்கு அருகிலேயே வீடு கொடு என்று கேட்பதும் பிள்ளைகளின் மனநலத்துக்கான வேலைதான். அந்தக் கோரிக்கையை அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுவோம்.

ஜெய்பீம்.