அசைவிலே பிறந்த நாதம்



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, விழா நாளில் நாதசுரக்காரர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மேடையோரத்தில் ஒருவர் மின் விசைப்பலகையின் முன் அமர்ந்து, பொத்தான் ஒன்றை அழுத்தி, நாதசுரத்தையும் மணியையும் வரவழைத்துவிடுகிறார். இப்பெட்டிகளுள் பல, மெய்யான வாத்தியத்தின் பதிவையே திருப்பித் தருவன. அதில் வியப்பதற்கு அதிகமில்லை. எதையும் பதிவு செய்யாமல், கணக்கினாலேயே நாதத்தைப் படைக்கும் முறையொன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்னும் இசையமைப்பாளர், கணிப்பொறியைக் கொண்டு சுருதியை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனாட்டுப் பாடகர் குரலில் சுருதி வினாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும் அசையும். அவ்வேகத்தை அவர் மேன்மேலும் உயர்த்திக்கொண்டே போனார். ஓர் எல்லைக்குமேல் அசைவு அசைவாகக் கேட்கவில்லை. புதியதொரு நாதம் எழுந்தது!

நிகழ்ந்தது யாது? வினாடிக்கு 400 அதிர்வுடைய ஒலியை 100 அதிர்வுடைய மற்றொன்றால் அசைத்தால், 300, 500, 200, 600 என இருபுறமும் துணையொலிகள் முளைக்கின்றன. அசைவின் வீச்சைக் கூட்டினால் அவை பெருகி, நாதம் ஒளி பெறுகிறது. இரு எண்களும் எளிய விகிதத்தில் அமைந்தால் குழலோ எக்காளமோ போன்ற ஒலி, 1-க்கு 1.4 என இணங்காது நின்றால் மணியோசை. முன்பு துணையொலி ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆக்கிக் கூட்டவேண்டியிருந்தது. இங்கோ இரண்டே அலைகள் போதும். வானொலியின் பண்பலை ஒலிபரப்பும் இதே தத்துவந்தான். அங்கே அசைக்கப்படுவது செவிக்கு எட்டாத அலை.

அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் சில இதனை ஏற்க முன்வரவில்லை. பல்கலைக்கழகமும் அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. ஜப்பானின் யமஹா நிறுவனத்தார் ஆர்வங்காட்டிய பின்னரே அவர் திரும்ப அழைக்கப்பட்டார். 1983-இல் அந்நிறுவனத்தின் டிஎக்ஸ்7 வெளிவந்தது. ஆறு அலைகளை 32 வகையாகப் பின்னி, ஒரே சமயத்தில் 16 சுரங்களை ஒலிக்க வல்லது. உரிமைத் தொகையாக ஸ்டான்போர்டு பெற்றது இரண்டு கோடி டாலருக்கு மேல்.

நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. 1979-இல் பாரிஸ் நகரில் சௌனிங் இம்முறையால் பெண்குரலைப் படைக்க முயன்றார். துணையொலிகள் யாவும் கணக்கின்படி நின்றும் குரல் பிறக்கவில்லை. தனித்தனி ஓசைகளாகவே கேட்டன. அவை அனைத்துக்கும் ஒருங்கே சிறு அசைவைக் கொடுத்தார். அக்கணமே அவை ஒன்றிப் பாடும் பெண்ணாயின! நம் கமகம் இதனினும் நுட்பமானது, பல வகையினது. இரண்டையும் ஒன்றெனச் சொல்லோம். ஆயினும், அசையாத சுரத்தைக் கேட்டு முகஞ்சுளிக்கும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

விசைப்பலகையின் இடக்கோடியில் பெரும்பாலும் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். சுருதியை வழுக்கச் செய்வது அதுவே. அடுத்த விழாவில் வாசிப்பவரின் இடக்கை அச்சக்கரத்தை நாடுகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.